லூப்பிங்குக்குப் புது லேப்டாப் வேண்டுமா?

கேள்வி: வயலின் வாசிக்கிறேன். தனியாக மேடையில் உட்கார்ந்து, ஒரு வரியை வாசித்துச் சுழலவிட்டு அதன்மேல் அடுத்ததை வாசிக்கும் லைவ் லூப்பிங் செய்ய ஆசை. 2016-ல் வாங்கிய லேப்டாப் இருக்கிறது. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. மேக் வாங்கு என்கிறார் அண்ணன், லினக்ஸ் போடு என்கிறான் நண்பன். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, திருச்சி

பதில்: லேப்டாப்புக்கு இப்போது பணம் போடாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (வயலின் சத்தத்தை லேப்டாப்புக்குள் கொண்டுபோய், திரும்ப வெளியே தரும் சின்னப் பெட்டி) போடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

லூப்பிங்கில் உயிரை எடுப்பது தாமதம்தான். செகண்டுக்கு 44,100 சாம்பிள் (சத்தத்தின் துணுக்கு) என்ற வேகத்தில், லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவான பஃபரை 1024 சாம்பிள் என்று வைத்தால் அது மட்டுமே 23 மில்லி செகண்ட், உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை என்று கிட்டத்தட்ட 46 ஆகிவிடும், வில்லை இழுத்த பிறகு சத்தம் பின்னாலேயே ஓடி வருவது போல இருக்கும். 128-க்கு இறக்கினால் ஒரு பக்கத்துக்கு 3 மில்லி செகண்ட்கூட இல்லை. அவ்வளவு சின்ன பஃபரில் சத்தம் அறுபடாமல் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மேக்கில் சத்தத்தைக் கையாளும் கோர் ஆடியோ சிஸ்டத்துக்குள்ளேயே இருப்பதால் செருகியதும் வேலை செய்யும். விண்டோஸில் இன்டர்ஃபேஸோடு வரும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைப் போட்டாக வேண்டும், போட்டுவிட்டால் அதுவும் நன்றாகவே ஓடும். ஆனால் உங்கள் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான சிப்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதனால் நான் நண்பர் பக்கம். வருடக்கணக்காகத் தனி ஒட்டுப்போடலாக (பேட்ச்) இருந்த ரியல்-டைம் வசதி (ஒரு வேலையைக் குறித்த நேரத்துக்குள் முடிப்பது) 2024-ல் வந்த 6.12 கெர்னலோடு (சிஸ்டத்தின் மையப் பகுதி) லினக்ஸிலேயே சேர்ந்துவிட்டது. சூப்பர்லூப்பர் என்ற இலவச மென்பொருள் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும், பல அடுக்கு, அண்டூ, கால் பெடலில் இயக்கம் எல்லாம் உண்டு. விண்டோஸிலேயே இருப்பதானால் மோபியஸ் என்ற லூப்பிங் மென்பொருளைப் பாருங்கள், அதுவும் இலவசம்.

எதையும் அழிக்க வேண்டாம். ஆடியோ, வீடியோ வேலைக்கென்றே வரும் லினக்ஸான உபுண்டு ஸ்டூடியோவை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்து ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள், பிடித்தால் நிறுவுங்கள். இன்டர்ஃபேஸ் வாங்கும்போது ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’தானா (யுஎஸ்பி ஆடியோவின் பொது விதிப்படி இயங்குவது) என்று மட்டும் கேளுங்கள், அப்படியென்றால் லினக்ஸில் தனி டிரைவர் தேவையில்லை.

முக்கியமாக இன்னொன்று. மைக் வைத்து வாசித்தால் ஸ்பீக்கரில் வரும் லூப்பும் அதே மைக்கில் புகுந்து மறுபடி பதிவாகும், நாலாவது அடுக்கில் ஒரே கூச்சலாகிவிடும். வயலினின் அதிர்வை நேராக எடுக்கும் பிக்கப்பை மாட்டுங்கள், இல்லையென்றால் ஹெட்ஃபோனில் கேட்டபடி வாசியுங்கள்.

கேள்வி: பஃபரைக் குறைத்தாலே ‘பட் பட்’ என்று வெடிக்கிறது. லேப்டாப் போதவில்லையா?
- வாசகர், மதுரை

பதில்: அப்படி உடனே முடிவு கட்டாதீர்கள். நண்பர் வீட்டில் ஒரு மாலை முழுக்க இதே சத்தத்தோடு மல்லாடினோம், கடைசியில் வைஃபையை அணைத்ததும் நின்றது. சார்ஜரைச் செருகி, பவர் சேமிப்பை நிறுத்தி, வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துப் பாருங்கள். அதன் பிறகும் வெடித்தால் 256-ல் வையுங்கள், தப்பே இல்லை.

கேள்வி: ஆதி தாளத்தில் லூப் போட்டால் கொஞ்ச நேரத்தில் மிருதங்கத்தோடு விலகிப் போகிறது. மென்பொருள் கோளாறா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: கோளாறு பெடலை அழுத்தும் நேரத்தில் இருக்கும். நிமிடத்துக்கு 60 அட்சரம் (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) என்றால், எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனம் 8 செகண்ட். நீங்கள் 8.1-ல் மூடினால் பத்தாவது ஆவர்த்தனத்தில் ஒரு முழு அட்சரம் தள்ளிப் போயிருக்கும், மிருதங்கக்காரர் என்ன செய்வார் பாவம்! மென்பொருளில் டெம்போவைக் கொடுத்து, தாளத்தோடு தானே ஒட்டவைக்கும் குவான்டைஸைப் போட்டுவிட்டு, சமத்துக்கு (ஆவர்த்தனம் தொடங்கும் இடம்) கொஞ்சம் முன்னாலேயே அழுத்துங்கள், லூப் சமம் வரும்வரை காத்திருந்து தானே மூடிக்கொள்ளும். அவருக்கும் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைத்து லூப்பைக் கேட்கக் கொடுங்கள், கேட்டால்தானே அவரால் அதோடு சேர்ந்து வாசிக்க முடியும்.