மெல்லத் தொட்டால் இடுப்பு வலி போகுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. மூன்று வாரமாக இடுப்பு வலி, பாதி நேரம் படுக்கைதான். இடது கெண்டைக்காலிலும் இழுக்கிறது. தசையை மெல்ல உருட்டிவிடும் போவன் சிகிச்சைக்கு ஒருவர் கூப்பிடுகிறார். 10 சிட்டிங்குக்கும் முன்பணமாம். போகலாமா?

பதில்: இடுப்புக்காக என்றால் போகலாம். பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். முதலில் அந்தக் கெண்டைக்காலைப் பார்க்க வேண்டும், அதற்கு வருகிறேன்.

ஆஸ்திரேலியாவின் டாம் போவன் தொடங்கிய முறை இது. விரலால் தசைமேல் லேசாக ஒரு உருட்டு, அப்புறம் சில நிமிடம் சும்மா விட்டுவிடுவார்கள். எலும்பு எதுவும் நகராது. வலிக்குப் பயந்து இறுகிய தசை சிலருக்குக் கொஞ்சம் இளகும், அந்தத் தைரியத்தில் எழுந்து நடப்பார்கள். ஆய்வுச் சான்று சொற்பம்தான்.

சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தானாகத் தணியும். உங்களுக்குப் பாதி ஓடிவிட்டது. 10 சிட்டிங் முடிவதற்குள் வலி அடங்கும், பெயர் சிகிச்சை செய்பவர் கைராசிக்குப் போகும். கூப்பிடுகிறவருக்கு இதில் எவ்வளவு என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். சிகிச்சை செய்பவர் ‘டிஸ்க் விலகியிருக்கு, தள்ளி வைக்கிறேன்’ என்றால் கிளம்பிவிடுங்கள். வலி கூடினால் ‘கழிவு வெளியேறுது’ என்பார்கள், அதையும் நம்பாதீர்கள். வார இறுதி வகுப்பு முடித்தவர் பலகை மாட்டினால் பல நாடுகளில் கேட்க ஆளில்லை. டாக்டர்களும் இரண்டு நிமிடத்தில் மாத்திரை எழுதி அனுப்பினால் ஜனம் வேறு எங்கே போகும்?

சரி, கெண்டைக்கால். அநேகமாக இடுப்பிலிருந்து இறங்கும் நரம்பு வலியாக இருக்கும். ஆனால் படுத்தே கிடந்தவருக்குக் காலில் ரத்தம் உறைந்திருக்கவும் கூடும். அதை உருட்டினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். முட்டிக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலையும் டேப்பால் அளந்து பாருங்கள். இடதுகால் 3 செ.மீ. பெரிதாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அளவு சமமாக இருந்தாலும் சூடு, சிவப்பு, அழுத்தினால் வலி இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். எவ்வளவு மெல்லத் தொடுவதாகச் சொன்னாலும் அதுவரை அந்தக் காலில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.