வாங்குவோர் கேள்வி-பதில்: நம் சாப்பாடு நாய்க்கு ஆகுமா?

ஜிம்முக்குப் போகும் மகன் 'சுகர் ஃப்ரீ' பீநட் பட்டர் வாங்கி வைத்திருக்கிறான். எங்கள் டாஷண்ட் மாத்திரையைத் துப்பிவிடுகிறது. பீநட் பட்டரில் பொதிந்து கொடுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?
வாசகி, திருச்சி

முதலில் டப்பாவைத் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படியுங்கள். 'சைலிட்டால்', 'பிர்ச் சுகர்', 'ஐ.என்.எஸ். 967', 'ஈ 967' என்று எது இருந்தாலும் நாய் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நாலும் ஒரே இனிப்புதான். நமக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. நாய்க்குள் போனால் இன்சுலின் ஏகமாகச் சுரந்து, பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். வாந்தி எடுக்கும், தள்ளாடும், வலிப்பும் வரலாம். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போதும். 0.5 கிராமைத் தாண்டினால் ஈரலுக்கே ஆபத்து. உங்கள் டாஷண்ட் 8 கிலோ என்றால் 0.8 கிராமிலேயே சிக்கல் ஆரம்பிக்கும். சில சூயிங்கத்தில் ஒரே துண்டில் அந்த அளவு இருக்கிறது. சில டூத்பேஸ்ட், மவுத்வாஷிலும் உண்டு.

எல்லா 'சுகர் ஃப்ரீ' பண்டத்திலும் சைலிட்டால் இருக்காது. எதில் இருக்கிறது என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கடைக்காரரைக் கேட்டு அல்ல. மாத்திரைக்கு என்றால் வறுத்த வேர்க்கடலையை உப்பு போடாமல் மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள். செலவும் குறைவு.

இரண்டே இரண்டு திராட்சை கொடுத்தால் என்ன?
வாசகர், கம்பம்

சில நாய்க்கு ஒன்றும் ஆகாது, சில நாய்க்குச் சிறுநீரகம் செயலிழக்கும். எதற்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. கொடுக்காதீர்கள். உலர்திராட்சையும் கூடாது.

திராட்சை ஆகாது என்று தெரியும். புளியோதரை வைக்கலாமா?
வாசகி, மதுரை

நல்ல கேள்வி. திராட்சையில் நாயைத் தாக்குவது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்காவின் விலங்கு நச்சு மைய மருத்துவர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், புளியும், கேக் வேலைக்குச் சேர்க்கும் 'கிரீம் ஆஃப் டார்டர்' பொடியும் தின்ற நாய்களுக்கும் அதேபோலச் சிறுநீரகம் பழுதானதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த அமிலம் புளியில் நிறையவே உண்டு. புளியோதரை, வத்தக்குழம்பு, புளி மிட்டாய் எதுவும் வேண்டாம்.

எங்கள் லாப்ரடார் தினமும் சாக்லேட் சாப்பிடுகிறது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்கள் சும்மா பயமுறுத்துகிறார்களா?
வாசகர், சென்னை

இல்லை. உங்கள் நாய் பெரிய உடம்பு, நீங்கள் கொடுப்பது அநேகமாகப் பால் சாக்லேட், அவ்வளவுதான் விஷயம். சாக்லேட்டில் நாய்க்கு நஞ்சாவது தியோபுரோமின் என்ற பொருள். அது பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம், டார்க் சாக்லேட்டில் 5 அல்லது அதற்கு மேல், கேக்குக்குப் போடும் இனிப்பில்லாத சாக்லேட்டில் 15 வரை. நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தியும் படபடப்பும் தொடங்கும். 60 என்றால் வலிப்பு. வாந்தி தொடங்க 30 கிலோ லாப்ரடாருக்கு ஒரு பெரிய டார்க் சாக்லேட் பட்டை போதும், 5 கிலோ பொமரேனியனுக்கு 20 கிராம். இன்றோடு நிறுத்துங்கள்.

நாய்க்கென்று 'இயற்கை சிக்கன் சூப் பொடி' ஆன்லைனில் வாங்கினேன். என்ன சேர்ந்திருக்கிறது என்றே படிக்க முடியவில்லை. நம்பிக் கொடுக்கலாமா?
வாசகர், கோவை

கூடாது, திருப்பி அனுப்புங்கள். இந்த விஷயத்தில் எனக்கு வெகுநாள் கோபம் உண்டு. நானும் இப்படி ஒரு வெளிநாட்டு டப்பா வாங்கினேன். முன்பக்கம் பச்சை இலையும் சிரிக்கும் நாயும். பின்பக்கம், சேர்மானப் பட்டியலின் நட்டநடுவில் விலை ஸ்டிக்கர். ஈரத்துணி வைத்து ஊறவிட்டு நகத்தால் சுரண்டினால், அடியில் மூன்றாவது பெயர் வெங்காயப் பொடி, அதற்கு அடுத்து பூண்டுப் பொடி. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதுவதுதான் வழக்கம். மூன்றாவது இடம் என்றால் சிட்டிகை அளவு இல்லை.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்தக் குணம் போகாது. பொடியில் செறிவு இன்னும் அதிகம். பெரும்பாலும் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் செம்பழுப்பாகும், நாய் சுருண்டு படுக்கும். அதற்குள் எந்தப் பொடியைக் கொடுத்தோம் என்பதே மறந்திருக்கும். அதனால்தான் அந்தப் பட்டியல் கண்ணில் பட வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

மொழியும் ஒரு குறை. நாம் சாப்பிடும் பாக்கெட் உணவிலேயே விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது சட்டம், தமிழ் கட்டாயமில்லை. ஆனால் பல வீடுகளில் நாய்க்குச் சோறு வைப்பது பாட்டி, இல்லையென்றால் வேலைக்கு வரும் அம்மா. அவர்கள் எதைப் படிப்பார்கள்? ஆன்லைனில் வாங்கும்போது பின்பக்கப் படம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். தரமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் பிரியாணியைத் தெருநாய்களுக்குப் போடுகிறோம். தப்பா?
வாசகர், ஆம்பூர்

பசித்த வாய்க்குப் போடுகிறீர்கள், அந்த மனசு பெரிது. ஆனால் பிரியாணி வேண்டாம். வெங்காயம் ஒரு பக்கம். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். எண்ணெயும் கொழுப்பும் கணையத்தைத் தாக்கும். சமையல்காரரிடம் சொல்லி வெறும் சோறு கொஞ்சம் தனியே எடுத்து வையுங்கள். எலும்பு நீக்கிய, மசாலா சேராத வெந்த கறி கிடைத்தால் சேர்த்துப் பிசைந்து போடுங்கள்.

நாயின் பிறந்தநாளுக்கு ஓர் இணையக் கடையில் 'நாய்க்கேற்ற கேக்' வாங்கினோம். உள்ளே உலர்திராட்சை. சிறுநீரகம் பாதித்து நாய்க்கு டிரிப்ஸ் ஏற்றினோம், பிழைத்துவிட்டது. 'உங்கள் நாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை, நாங்கள் என்ன செய்வது' என்கிறார்கள்.
வாசகி, வேலூர்

ஒத்துக்கொள்ளாத விஷயமே இல்லை இது. நாய்க்கு ஆகாததை நாய்க்கென்றே சொல்லி விற்றிருக்கிறார்கள். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, விட்டுவிடாதீர்கள். பில், கேக் பெட்டி, கடையின் விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், கால்நடை மருத்துவரின் அறிக்கை, சிகிச்சை ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அப்புறமும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, இந்த அளவு தொகைக்குக் கட்டணமும் கிடையாது. கேக் விலையோடு மருத்துவச் செலவையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆகாததைத் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கலாமா?
வாசகர், தூத்துக்குடி

வேண்டவே வேண்டாம், அந்த உப்பே உயிரை எடுக்கும். தின்ற பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு தின்றது, நாய் எத்தனை கிலோ என்று போகும் வழியிலேயே போனில் சொல்லிவிடுங்கள்.