பையனுக்கு வந்திருப்பது திமிர்தானா?

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் மூன்று மாதமாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறான், டியூஷனுக்கு மட்டம் போடுகிறான். ஆசையாகப் போய்வந்த கபடியையும் விட்டுவிட்டான். அவன் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். ‘வயசுத் திமிர், ரெண்டு போட்டா சரியாயிடும்’ என்கிறார் என் அண்ணன். என்ன செய்ய?
– ஒரு தாய், மன்னார்குடி பக்கம்

பதில்: தட்டைத் தள்ளியதைவிட, கபடியை விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. அம்மாவிடம் கோபமும் டியூஷனுக்கு மட்டமும் பதினைந்து வயதில் சகஜம். ஆனால் வெறும் வீம்பு என்றால் டியூஷன் நேரத்தில் பையன் மைதானத்தில் இருப்பான். பிடித்ததே கசந்துபோகிறது என்றால் மனச்சோர்வா என்று பார்த்தாக வேண்டும்.

மனச்சோர்வு என்றால் அழுகை, மௌனம் என்றுதான் நினைக்கிறோம். பிள்ளைகளிடம் அது சிடுசிடுப்பாகவே வெளிப்படலாம். நோயைக் கண்டறியும் வரையறையிலேயே, சிறுவர்களுக்குச் சோகத்துக்குப் பதில் எரிச்சலையும் கணக்கில் எடுக்கலாம் என்று இருக்கிறது. எரிச்சலோ ஆர்வமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் நீடித்து, கூடவே தூக்கமும் பசியும் மாறி, பாடத்தில் மனம் நிற்காமல், ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற பேச்சும் வந்தால் தாமதிக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் என்றால் வயிற்றுவலி, தலைவலி என்பார்கள்.

அண்ணன் சொல்படி அடித்தால் சத்தம் வேண்டுமானால் அடங்கும். சோர்வு அப்படியேதான் இருக்கும்.

எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். வண்டியில் போகும்போதோ மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதோ, ‘கொஞ்ச நாளா உனக்கு எதுவுமே பிடிக்கலபோல இருக்கேப்பா’ என்று ஆரம்பியுங்கள். அவன் பேசாவிட்டாலும் பரவாயில்லை, மறுநாள் பார்க்கலாம். அப்பாவும் போனில் எடுத்த எடுப்பில் மார்க்கைப் பற்றிக் கேட்காமல் இருந்தால் நல்லது.

‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இன்னொன்று, டெல்டாவில் யாரிடம் பேசினாலும் இதைச் சொல்லிவிடுவேன்: சம்பாவுக்கு அடித்து மிச்சமான பூச்சிமருந்து பாட்டில் மாட்டுக்கொட்டகையில் சொருகிக் கிடக்கும். முதலில் அதை எடுத்துப் பூட்டுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். அவன் என்ன பதில் சொன்னாலும் சரி, இது இன்றைய வேலை.

தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு இருந்தாலும் சோர்வு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் சொல்லக்கூடும். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். லேசான சோர்வுக்குப் பெரும்பாலும் கவுன்சிலிங்கே போதும். மாத்திரை எழுதினால் முதல் சில வாரம் கூடுதலாகக் கவனியுங்கள். கொஞ்சம் தேறியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.