சங்கத் தேர்தலில் நிற்குமுன் சந்தா ரசீதைப் பாருங்கள்

கேள்வி: புதுச்சேரியில் ஒரு சமுதாயக் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றுகிறேன். வீடு கடலூரில். ஆசிரியர் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி சக ஆசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே உள்ளன. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: தயங்காமல் நில்லுங்கள். ஆனால் கடலூர் நண்பர்களின் யோசனையை அப்படியே பின்பற்றாதீர்கள். அங்குள்ள சங்கங்களுக்குத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 பொருந்தும். புதுச்சேரியில் பதிவான சங்கத்துக்கு 1860ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்று தமிழ்நாட்டுச் சட்டம் வரையறுக்கிறது. பழைய சட்டம் அதைச் சங்கத்தின் விதிகளுக்கே விட்டுவிடுகிறது. ஆகவே துணைவிதிகளின் நகலை வாங்கி, பணியில் இருப்பவர் மட்டுமே உறுப்பினர் என்ற விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஓய்வுபெறும் நாளில் உங்கள் பதவியும் போய்விடும்.

அதைவிட அவசரமானது சந்தா. மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்குரிமை கிடையாது, அவரை உறுப்பினராகவே கணக்கில் கொள்ள முடியாது என்கிறது 1860 சட்டத்தின் 15ஆம் பிரிவு. உங்களுடையதையும் ஆதரவாளர்களுடையதையும் இன்றே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். வென்றபின், ஆண்டுப் பொதுக்குழு கூடிய 14 நாட்களுக்குள் நிர்வாகிகள் பட்டியல் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். அது போகாவிட்டால் உங்கள் கையெழுத்திட்ட மனுவை ஏற்க நிர்வாகம் மறுக்கலாம்.

கற்பிக்கும் ஆசிரியர் அன்றைய தொழில் தகராறுச் சட்டத்தின்படி 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2003இல் சொன்னது. ஆகவே தேதியும் அரசாணை எண்ணும் பிசகாத கோரிக்கை மனுதான் உங்கள் பலம். அதுவும் பலிக்காதபோது சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சமுதாயக் கல்லூரிகளில் பாடச்சுமையின் பெரும்பங்கைத் தாங்குபவர்கள் பல இடங்களில் கௌரவ விரிவுரையாளர்களே. கோடை விடுமுறையில் சம்பளம் உண்டா, அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பதுகூடத் தெரியாமல் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் சங்கத்தை ஆசிரியர் சங்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாக்கு கிடைக்காது என்று தெரிந்தும் அவர்களிடம் முதலில் போங்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களை உறுப்பினராக்கும் விதித்திருத்தத்தை உங்கள் முதல் வாக்குறுதியாக அறிவியுங்கள். நிரந்தர ஆசிரியர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் தேர்தலுக்கு முன்பே பேசிவிடுங்கள்.