பூர்வகுடிச் சிறுவர் நூல்: வாங்குமுன் பின்னட்டையைத் திருப்புங்கள்

கேள்வி: ஸ்காபரோவில் வசிக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, தரம் 4. வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோகப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூரும் செப்டெம்பர் 30 ஆரஞ்சுச் சட்டை தினத்துக்கு முன் பூர்வகுடி எழுத்தாளர் ஒருவரின் புத்தகத்தை வீட்டில் வாசித்துவிட்டு வரும்படி பாடசாலையிலிருந்து குறிப்பு வந்தது. இணையத்தில் தேடி, அட்டையில் இறகும் கூடாரமும் போட்ட பத்துப் புத்தகங்கள் கொண்ட ஒரு கட்டு வாங்கினேன். ஆசிரியை புரட்டிப் பார்த்துவிட்டு, ‘வேறு கிடைத்தால் நல்லது’ என்று சிரித்தபடியே திருப்பி அனுப்பிவிட்டார். எதைத்தான் வாங்குவது? பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த அந்த வதிவிடப் பாடசாலைகளின் கதைகளைப் படித்தால் பிள்ளை பயந்துவிடாதா? எங்களோடு இருக்கும் மாமியார் வன்னிப் போரில் நிறைய இழந்தவர். வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இந்தப் புத்தகங்கள் அதைக் கிளறிவிடுமோ என்றும் கவலை. மூத்தவன் தரம் 11இல் வழக்கமான ஆங்கிலத்துக்குப் பதில் பூர்வகுடி இலக்கியம் படிக்க வேண்டுமாம். பல்கலைக்கழக அனுமதிக்கு அது பாதகமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த ஊர்த் தமிழ்ப் பெற்றோரில் பலர் அதற்குமேல் வாசிக்கப் போவதில்லை. பாதகம் இல்லை. கனடாவின் பூர்வகுடிப் பிரிவுகளான முதற்குடியினர், மேட்டி, இனுயிட் எழுத்தாளர்களைப் படிக்கும் அந்தப் பாடம் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் பாடம்தான். தரம் 11 ஆங்கிலத்தின் இடத்தை அது முழுமையாக நிரப்பும். தரம் 12இல் வழமையான ஆங்கிலம் இருக்கிறது. ரொறன்ரோ கல்விச் சபை இதைக் கட்டாயமாக்க 2023 பெப்ரவரியில் வாக்களித்தது. ஷேக்ஸ்பியர் எங்கும் ஓடிவிட மாட்டார்; மகனைப் படிக்க விடுங்கள்.

இனி அந்தக் கட்டு. நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பத்துப் புத்தகங்களில் ஒன்றில்கூட எழுதியவரைப் பற்றி ஒரு வரி இல்லை. கதை நடக்கும் இடத்துக்குப் பெயர் இல்லை. ஓநாய் பேசுகிறது, கிழவர் தத்துவம் சொல்கிறார், எல்லோர் தலையிலும் இறகு. கனடாவில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட முதற்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. மேட்டி மக்களும் இனுயிட் மக்களும் அந்தக் கணக்கில் சேராதவர்கள். இவர்களில் யாருடைய கதை அது? ஒருவருடையதும் இல்லை. ஓகஸ்ட் கடைசியில் இணையச் சந்தையில் இப்படிப்பட்ட கட்டுகள் முளைக்கும், ஒக்டோபரில் காணாமல் போகும். விற்பவர்களுக்குப் பாடசாலைக் குறிப்பு எப்போது வரும் என்பது உங்களைவிட நன்றாகத் தெரியும். ஆரஞ்சுச் சட்டையிலும் இதே வியாபாரம்தான். பூர்வகுடிக் கலைஞர் வரைந்த சின்னத்தைத் திருடி அச்சிட்டு விற்பார்கள். அவருக்கு ஒரு சதமும் போகாது. கனவு வலை செய்யும் சாமானையும் புகை போடும் இலைக்கட்டையும் ஒரு புத்தகத்தோடு சேர்த்து ‘குடும்ப ஆற்றுப்படுத்தல் பொதி’ என்று விற்கிற ஆட்களும் உண்டு. புத்தகம் தவிர வேறு எதையும் சேர்த்து விற்கிறவரிடம் புத்தகமும் வாங்காதீர்கள்.

நான் சொல்வது ஒரே விதி. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பின்னட்டையைத் திருப்புங்கள். எழுதியவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று பெயர் சொல்லி இருக்க வேண்டும். ‘பூர்வகுடி மரபில் வந்தவர்’, ‘செரோக்கி இரத்தம் ஓடுகிறது’ என்பதெல்லாம் போதாது. டேவிட் ஏ. ராபர்ட்சன் என்றால் மனிடோபாவின் நோர்வே ஹவுஸ் கிரீ சமூகம். அஞ்சலின் பூலி என்றால் சூ செயின்ட் மரி சிப்பேவா சமூகம். ‘ஆம், எங்கள் வீட்டுப் பிள்ளைதான்’ என்று சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பெயர் பின்னட்டையில் இல்லையென்றால் புத்தகத்தை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். ‘த எஜுகேஷன் ஒஃப் லிட்டில் ட்ரீ’ என்றொரு நூல் 1976இல் வந்தது. தாய் தந்தையை இழந்த செரோக்கிச் சிறுவன் ஒருவன் மலையில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, தான் யார் என்று தெரிந்துகொள்ளும் கதை. எழுதியவரின் சொந்த வாழ்க்கை என்று சொல்லி விற்றார்கள். குடும்பம், அடையாளம், மனக்காயம் ஆறுவது என்று நீங்கள் தேடுகிற அத்தனையும் அதில் இருக்கிறது. எழுதியவர் ஃபொரஸ்ட் கார்ட்டர் என்ற பெயரில் ஒளிந்திருந்த ஏசா கார்ட்டர். கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் வெறியர். 1963இல் அலபாமா ஆளுநர் ஜோர்ஜ் வாலஸ் ‘இனப்பிரிவினை என்றென்றும்’ என்று முழங்கிய பதவியேற்பு உரையை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். இத்தனைக்குப் பிறகும் 1991இல் அந்த நூல் நியூயோர்க் டைம்ஸின் விற்பனைப் பட்டியலில், அதுவும் கற்பனை அல்லாத நூல்களின் பிரிவில் முதலிடத்துக்கு வந்தது. உண்மை மறுபடி சந்திக்கு வந்த பிறகுதான் புனைகதைப் பிரிவுக்கு மாற்றினார்கள். இன்றும் விற்பனையில் இருக்கிறது. தேடினால் உங்களுக்கும் வந்து நிற்கும். உள்ளம் உருகுகிறதா என்று பார்த்துப் புத்தகம் வாங்கினால் கார்ட்டர்தான் கிடைப்பார்.

விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நல்ல புத்தகங்கள் இரண்டை நீங்களே ஒதுக்கிவிடுவீர்கள். அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்து, அதில் ஒருவர் பூர்வகுடியைச் சேராதவராக இருந்தால் என்ன செய்வது? ‘ஐ ஆம் நொட் எ நம்பர்’ 2016இல் வந்தது. ஜெனி கே டுப்புவி, கேத்தி கேசர் இருவரும் எழுதியது. கேசர் யூதர், யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் மகள், அதைப் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதிப் பழகியவர். ஆனால் கதை டுப்புவியின் பாட்டி ஐரீனுடையது. கதையை வைத்திருப்பது பேத்தி. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிந்தவர் மற்றவர். இது சரி. ‘ஃபாட்டி லெக்ஸ்’ (2010) நூலும் இப்படித்தான். வடக்கே இனுவியலுயிட் சமூகத்தைச் சேர்ந்த மார்கரெட் போக்கியாக்-ஃபென்டன் சிறுமியாக வதிவிடப் பாடசாலைக்குப் போன கதை. சேர்ந்து எழுதிய கிறிஸ்டி ஜோர்டன்-ஃபென்டன் அவருடைய மருமகள். மாமியார் சொல்ல மருமகள் எழுதினார். இதுவும் சரி. எது சரியில்லை? அட்டையில் வெளியாளின் பெயர் மட்டும் இருந்து, கதையைக் கொடுத்த கிழவியின் பெயர் நன்றியுரையில் ஐந்தாவது வரியில் இருந்தால் சரியில்லை. ‘முதியோர் பலரிடம் கேட்டறிந்தது’ என்று பெயரில்லாமல் போட்டிருந்தாலும் சரியில்லை. சந்தேகம் வந்தால் தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம், பொடி எழுத்தில் பதிப்புரிமை வரி இருக்கும். யார் பெயரில் உரிமை இருக்கிறது என்று பாருங்கள். குடும்பத்தின் பெயர் அங்கேயும் அட்டையிலும் இருந்தால், இரண்டாவது ஆள் எந்த ஊராக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

இப்போது உங்கள் மகள். அவளுக்கு முதலில் ராபர்ட்சன் எழுதி, கிரீ-மேட்டி ஓவியர் ஜூலி ஃப்ளெட் படம் வரைந்த ‘வென் வீ வேர் அலோன்’ (2016). அடுத்த ஆண்டே கனடா ஆளுநர் நாயகம் விருது பெற்றது. ஒன்பது வயதுக்குச் சின்னப் புத்தகம் என்று தோன்றும், தோன்றட்டும். பேத்தி தோட்டத்தில் பாட்டியிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பாட்டி, ஏன் இவ்வளவு நிறம் நிறமாக உடுத்துகிறீர்கள்? தூரத்துப் பாடசாலையில் எல்லோருக்கும் ஒரே மங்கல் நிற உடுப்பு என்கிறார் பாட்டி. ஆனால் இலையுதிர் காலத்தில், யாரும் பார்க்காதபோது, பழுத்து விழுந்த இலைகளை அந்த உடுப்பின் மேல் குவித்துக்கொண்டு மறுபடி நிறமாகிவிடுவார்களாம். ஏன் இவ்வளவு நீளமாகக் கூந்தல் வளர்க்கிறீர்கள்? அங்கே தலைமயிரை வெட்டிவிட்டார்கள். தனியாக இருக்கும்போது நீளப் புல்லை எடுத்துக் குட்டை மயிரோடு பின்னிக்கொண்டார்கள். அடி இல்லை, இரத்தம் இல்லை. பறித்தது என்ன, பிள்ளைகள் அதை எப்படி மீட்டார்கள் என்று இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பயத்துக்கு இதைவிட நல்ல கைப்பிடி எனக்குத் தெரியாது.

அது பிடித்திருந்தால் அடுத்து ‘ஐ ஆம் நொட் எ நம்பர்’. இது கடினமானது. 1928இல் நிப்பிசிங் சமூகத்திலிருந்து எட்டு வயது ஐரீனைச் சகோதரர்களோடு கொண்டுபோகிறார்கள். பெயரைப் பறித்து 759 என்ற எண்ணைக் கொடுக்கிறார்கள். தண்டனைக் காட்சி ஒன்று உண்டு. ஆனால் கோடை விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று தந்தை ஒளித்துவைக்கும் பக்கமும் உண்டு. அந்தப் பக்கம் வரை ஒரே இருப்பில் வாசியுங்கள். பாதியில் மூடிவைத்து ‘மீதி நாளைக்கு’ என்றால் பிள்ளை இரவு முழுக்க அந்த எண்ணோடு படுத்திருக்கும். தனியாக வாசிக்கக் கொடுக்காதீர்கள், பக்கத்தில் இருங்கள். கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அப்படிக் கொண்டுபோனார்கள், மத்திய அரசின் பணத்தில் நடந்த அப்படிப்பட்ட பாடசாலைகள் 1990கள் வரை இருந்தன, நிறையப் பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அந்தப் பாடசாலைகளின் புதைகுழிகள் பற்றிய செய்திக் காணொளிகளை இந்த வயதில் காட்ட வேண்டாம்.

மாமியாரைப் பற்றி. கிளறிவிடுமா என்றால், விடலாம். இல்லை என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். இந்த நூல்களில் பாதி, பேரப்பிள்ளை கேட்கப் பாட்டி வாய் திறக்கும் கதைகள். உங்கள் வீட்டிலோ அந்தப் பாட்டி அடுத்த அறையில் இருக்கிறார். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள்: ‘மாமி, இப்படி ஒரு கதை வாசிக்கப் போகிறோம். நீங்கள் இருக்கலாம், எழுந்தும் போகலாம்.’ அவ்வளவு போதும். அவரைக் கதை சொல்ல வைக்கும் முயற்சி எதுவும் வேண்டாம். அதேபோல நடுவில் நீங்கள் ‘எங்களுக்கும் இப்படித்தான்’ என்று பாயாதீர்கள். அது இன்னொரு மக்களின் கதை. முதலில் அதை அவர்களின் கதையாகவே பிள்ளை கேட்டு முடிக்கட்டும். பிறகு அவளே பாட்டியிடம் ஏதாவது கேட்டால், எவ்வளவு சொல்வது என்பது பாட்டியின் விருப்பம். அதன்பின் அவர் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்தால் குடும்ப மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். புத்தகம் மருந்தல்ல, அட்டையில் ‘குணமாக்கும் கதை’ என்று போட்டவர்கள் பதிப்பகத்தின் விற்பனைப் பிரிவினர்.

பேசாமலே இருந்தால் என்ன ஆகும் என்பதை ஆரஞ்சுச் சட்டைக்குரியவரான ஃபிலிஸ் வெப்ஸ்டட்டே சொல்லியிருக்கிறார். 1973இல் ஆறு வயதில், பாட்டி வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையோடு பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மிஷன் பாடசாலைக்குப் போனார். போன நாளே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அவருக்கு முன் அவர் பாட்டியும் தாயும் வதிவிடப் பாடசாலையில் பத்துப் பத்து ஆண்டுகள் இருந்தவர்கள். அதனால் ஒரு பெற்றோர் எப்படி இருக்க வேண்டும் என்பதே தமக்குத் தெரியாமல் போனது என்கிறார். ‘த ஒரஞ்ச் ஷர்ட் ஸ்டோரி’ என்று அவரே எழுதியிருக்கிறார். ஆசிரியை அந்த நாளைப் பற்றிய புத்தகம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் இதைக் கொடுங்கள்.

உண்மையில் அந்தப் பிடிவாதம்தான் என் ஆத்திரம். வதிவிடப் பாடசாலைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் 94 பரிந்துரைகள் கொடுத்தது. பாலர் வகுப்பு முதல் தரம் 12 வரை இந்த வரலாறு கட்டாயப் பாடமாக வேண்டும் என்பது 62ஆவது. ஒன்ராறியோ அரசு 2018 கோடையில், பாடத்திட்டத்தை எழுத இருந்த கூட்டங்களைக் கடைசி நேரத்தில் இரத்துச் செய்தது. தரம் 1 முதல் 3 வரை அது கட்டாயமாக 2023 செப்டெம்பர் ஆனது. இவர்கள் எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட வேலைக்கு உங்களுக்குக் கொடுக்கும் அவகாசம் பத்து நாள். ஆசிரியைமேல் தப்பில்லை, அவருக்கும் மேலிடத்திலிருந்து மின்னஞ்சல் அப்போதுதான் வந்திருக்கும். ஒரு நாள் ஆரஞ்சுத் தாள் வெட்டி ஒட்டிவிட்டு, மறுநாள் முதல் ஹலோவீன் பூசணிக்காய்க்குப் போய்விடுவார்கள். பூர்வகுடிப் பிள்ளை என்றால் அழுகிற பிள்ளை என்று மட்டும் உங்கள் மகள் மனத்தில் பதிந்தால் அதுவும் கெடுதல்தான். ஆகவே ஒக்டோபரில், யாரும் கேட்காதபோது, கெவின் நோபில் மெயிலார்டின் ‘ஃப்ரை பிரெட்’ வாசியுங்கள். செமினோல் குடும்பமொன்று ரொட்டி பொரிக்கிறது, வீடு நிறைய ஆட்கள். கடைசியில் செய்முறையும் இருக்கிறது. மாமியாருக்கு அது நிச்சயம் பிடிக்கும், உப்புக் குறைவு என்றும் சொல்வார்.

மகனுக்கு செரி டிமலினின் ‘த மாரோ தீவ்ஸ்’ பாடத்திலேயே வரக்கூடும். மேட்டி எழுத்தாளர். கனவு காணும் திறனை உலகம் இழந்த காலத்தில், எலும்பு மச்சைக்காகப் பூர்வகுடியினரை வேட்டையாடுகிறார்கள். தப்பி ஓடுகிறவர்கள் வழியில் ஒரு குடும்பமாகிறார்கள். பதினாறு வயதுக்கு அது தாங்கும். பூலியின் ‘ஃபயர்கீப்பர்ஸ் டோட்டர்’ நூலில் போதைப்பொருளும் பாலியல் வன்முறையும் வருகின்றன. கொடுக்கலாம், ஆனால் முதலில் நீங்கள் வாசியுங்கள். தரம் 7இல் இருக்கும் பிள்ளைக்குத் தூக்கிக் கொடுக்கிற புத்தகம் அல்ல.

எதையும் உடனே வாங்க வேண்டியதில்லை. ரொறன்ரோ பொது நூலக அட்டை இலவசம், தாமதக் கட்டணமும் இப்போது கிடையாது. சிறுவர் பிரிவு நூலகரிடம் பூர்வகுடி எழுத்தாளர்களின் நூல்களைத் தொகுத்த ‘ரீட் இண்டிஜினஸ்’ பட்டியலைக் கேளுங்கள். செப்டெம்பர் நடுப்பகுதியில் இந்த நூல்கள் எல்லாவற்றுக்கும் நீண்ட வரிசை நிற்கும், அதனால் இன்றிரவே இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். சொந்தமாக வேண்டுமென்றால் பூர்வகுடியினரே நடத்தும் குட்மைண்ட்ஸ் புத்தக விற்பனையகம் ஒன்ராறியோவின் சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடிச் சமூகத்தின் பக்கத்தில் இருக்கிறது, தபாலில் அனுப்புவார்கள். அந்தப் பத்துப் புத்தகங்களையும் கட்டாகவே திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். காரணம் கேட்டால் ‘எழுதியவர் யார் என்று போடவில்லை’ என்று எழுதுங்கள்.