கையெழுத்து யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

தென்மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவ ஊழிய நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். பிள்ளைகள் இல்லம் ஒன்றும் கிராமங்களில் மாலைப் பள்ளிகளும் நடத்துகிறோம். நிறுவனர் ஐயாவுக்கு 74 வயது. ஒரு பழைய சைக்கிளோடு தொடங்கியவர். அவருடைய நேர்மையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஜனவரியில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். காசோலையில் கையெழுத்திட அவரையும் அவர் மருமகளையும் தவிர வேறு யாருமில்லை. இருவரும் சேர்ந்துதான் இட வேண்டும். ஏழு வாரம் சம்பளமில்லை. பிள்ளைகளுக்கு அரிசியைக் கடனில் வாங்கினோம். இப்போது தேறி வந்துவிட்டார். இதைக் குழுவில் பேச வேண்டும் என்றேன். ஒரு மூத்த ஊழியர், “அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே, மோசேயை எதிர்த்துக் கலகம் செய்த கோராகின் கதி வரும்” என்றார். நான் கலகம் செய்கிறேனா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. ஆனால் அந்த வசனத்தை இத்தனை பேர் தவறாகச் சொல்லிக் கேட்டிருப்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன். 105ஆம் சங்கீதத்தில் அது வரும் இடத்தைத் திறந்து பாருங்கள். சொந்த நிலமின்றி ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம் வீட்டாரைத் தொடக்கூடாது என்று ராஜாக்களுக்கு இடப்பட்ட கட்டளை அது. அதிகாரம் உள்ளவனை எச்சரிக்க வந்த வார்த்தையை, அதிகாரம் உள்ளவரைக் காக்க நாம் எடுத்துக்கொண்டோம். அபிஷேகம் பெற்ற தாவீதின் முகத்துக்கு நேரே “நீயே அந்த மனுஷன்” என்று சொன்ன நாத்தானை யாரும் கோராகு என்று அழைப்பதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய அறக்கட்டளையின் குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். மினிட் புத்தகம் எங்கள் வீட்டுக்கு வரும். வண்டி ஓட்டுபவர் வாசலில் நிற்பார். அவர் குடிக்கும் காப்பி தீர்வதற்குள் நான் கையெழுத்திட்டு முடித்திருப்பேன். ‘கூட்டம் ஜெபத்துடன் ஆரம்பமாயிற்று’ என்று முதல் வரி இருக்கும். நடக்காத கூட்டம், யாரும் ஏறெடுக்காத ஜெபம். எல்லாக் கையெழுத்தும் ஒரே பச்சை மையில் இருக்கும், பேனாவும் அவருடையது என்பதால். யாரும் பணத்தைத் திருடவில்லை. ஆனால் நிறுவனர் காலமானபோது, வங்கியில் என்ன இருக்கிறது, எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

உங்கள் ஐயாவைப் போன்றவர்களின் சிக்கல் பேராசை என்று நான் நினைக்கவில்லை. சைக்கிளில் தொடங்கியவருக்கு நிறுவனமும் தன் உடம்பும் வேறு வேறாகத் தெரிவதில்லை. மோசேக்கும் அப்படித்தான் இருந்தது; காலையிலிருந்து மாலைவரை தனியாளாக வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்தார். நீர் செய்வது நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று சொல்ல ஒரு மாமனார் வேண்டியிருந்தது. நம் ஊழியங்களில் மாமனார் சொல்வதைக் கேட்கிறார்களோ இல்லையோ, மருமகளைப் பொருளாளராக்கிவிடுகிறார்கள்.

விட்டுக்கொடுத்தவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு 1900-இல் மருத்துவம் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1946-இல் ஓய்வு பெற்றார். பின்பு, அதிலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் இயக்குநரானார். ஐடா இறந்தது 1960-இல். தான் கட்டியதை இன்னொருவர் நடத்துவதைப் பதினான்கு ஆண்டுகள் உயிரோடு பார்த்துக்கொண்டிருப்பது எளிதா? டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் 1931-இல் குழியில் விழுந்து கால் முறிந்தார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். அத்தனை ஆண்டுகளும் பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்தது, மருத்துவமனை இயங்கியது; வேலையைப் பிறர் சுமந்தார்கள். உங்கள் இல்லம் ஏழு வாரத்தில் அரிசிக் கடன் சொல்ல நேர்ந்ததை இதோடு வைத்துப் பாருங்கள்.

இனி நடைமுறை. முதலில் உங்கள் நிறுவனம் பதிவு பெற்ற சங்கமா, அறக்கட்டளையா என்று பத்திரத்தைப் பாருங்கள். சங்கம் என்றால் உறுப்பினர்களும் பொதுக்குழுவும் உண்டு. கேள்வி கேட்க இடமிருக்கிறது. அறக்கட்டளை என்றால் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் எல்லாம். ஒரே குடும்பமாகவும் எழுதிவைத்திருக்கலாம். வெளிநாட்டுப் பணம் வருகிறதென்றால் இன்னும் கவனம் தேவை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முன்பு 50 சதவீதம். ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஐயா மறுபடி படுத்தால் அந்தத் தேதி அவருக்காகக் காத்திருக்காது.

குழுவில் வாரிசு என்ற சொல்லை எடுக்காதீர்கள். எடுத்த மாத்திரத்தில் அது அவருடைய சாவைப் பற்றிய பேச்சாகிவிடும். மூன்றாவதாக ஒருவருக்கு, குடும்பத்துக்கு வெளியே, கையெழுத்து அதிகாரம் தந்து, மூவரில் எவர் இருவர் இட்டாலும் செல்லும்படி ஒரு தீர்மானம் மட்டும் கேளுங்கள். கொரிந்துப் பட்டணத்துக் காணிக்கையைக் கொண்டுபோகும்போது பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார், ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக்கூடாது என்பதற்காக. இதை முதலில் ஐயாவிடம் தனியே, அவர் வீட்டுத் திண்ணையில் சொல்லுங்கள். ஏழு வாரக் கணக்கைக் கையோடு கொண்டுபோங்கள். அவர் கோபித்தால் கோபிக்கட்டும். இரண்டு நாள் கழித்து மறுபடி போங்கள்.

அந்த மூத்த ஊழியருக்கும் ஏழு வாரம் சம்பளம் வரவில்லைதானே? அரிசிக் கடைப் பாக்கி தீர்ந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள்.