குகைச் சுவர்க்கோழி: இனத்தைக் காட்டும் உறுப்பு எது?

கேள்வி: குகைகளில் புதிய சுவர்க்கோழி இனம் கண்டறியப்பட்டதாக அவ்வப்போது செய்தி வருகிறது. படங்களில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எந்த உறுப்பை வைத்துப் புதிய இனம் என்று முடிவு செய்கிறார்கள்?
– வாசகர், தருமபுரி

பதில்: படத்தில் ஒன்றுபோலத் தெரிவதில் வியப்பில்லை. ‘ராஃபிடோஃபோரிடே’ குடும்பத்தைச் சேர்ந்த குகைச் சுவர்க்கோழிகளுக்குக் கூன் விழுந்த முதுகு, உடலைவிட நீண்ட உணர்கொம்புகள், மெலிந்து நீண்ட கால்கள் ஆகியவை பொதுவானவை. இறக்கை அறவே கிடையாது. இந்த இறக்கையின்மைதான் ஆய்வாளருக்கு முதல் இடைஞ்சல். வீட்டுச் சுவர்க்கோழிக்கு இறக்கை முழுதாக வளர்ந்திருந்தால் அது முதிர்ந்துவிட்டது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். குகை இனத்திலோ, இளம்பூச்சிக்கும் வளர்ந்த பூச்சிக்கும் அளவில் மட்டுமே வேறுபாடு இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே இனப்பெருக்க உறுப்புகள் முதிர்ச்சியடைந்த மாதிரி, அதிலும் குறிப்பாக ஆண் பூச்சி, கிடைக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மாதிரி கிடைத்ததும் நுண்ணோக்கியின் கீழ் கால்களைப் பார்க்கிறார்கள். தொடையின் அடிப்புறத்திலும் அதற்கு அடுத்த ‘டிபியா’ பகுதியிலும் எத்தனை முட்கள், அவை எந்த வரிசையில் உள்ளன, நுனியில் உள்ள பெரிய முட்களின் நீளம் என்ன என்பவை ஒவ்வொன்றாகக் குறிக்கப்படும். எனினும், முட்களின் எண்ணிக்கை ஒரே இனத்திலும் பூச்சிக்குப் பூச்சி சற்று மாறக்கூடும் என்பதால், அதை மட்டும் நம்பி யாரும் பெயர் சூட்டுவதில்லை.

தீர்ப்புச் சொல்வது வயிற்றின் நுனிதான். ஆணின் கடைசி முதுகுத் தகடுகளின் விளிம்பு, இனப்பெருக்க உறுப்பை அடியிலிருந்து மூடும் தகட்டின் வடிவம், அந்த உறுப்புக்குள் இருக்கும் சிறு கடினத் துண்டு ஆகியவை இனத்துக்கு இனம் தெளிவாக மாறுகின்றன. பெண்ணின் முட்டையிடும் உறுப்பு வாள்போல் நீண்டு லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். அதன் நீளத்தையும், நுனியில் உள்ள பற்களையும் அளந்து எழுதுவார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மாமத் குகையில் வாழும் ‘ஹாடினீகஸ் சப்டெரேனியஸ்’ என்னும் குகைச் சுவர்க்கோழி இந்த உறுப்பை மணலில் செலுத்தி முட்டையிடுகிறது. அதே குகையில் வாழும் ஒரு வண்டு அந்த முட்டைகளைத் தோண்டித் தின்கிறது. அளவு அட்டவணையில் ஒரு வரியாக நிற்கும் அந்த உறுப்பை நம்பித்தான் அடுத்த தலைமுறை இருக்கிறது.

2006இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வடபகுதியில், கிராண்ட் கேன்யன்-பாரஷான்ட் பகுதிக் குகைகளிலிருந்து அறிவிக்கப்பட்ட சுவர்க்கோழியும் பின்புறத்தால்தான் கவனம் பெற்றது. அங்கே இயங்கக்கூடிய இடுக்கி போன்ற உறுப்பு இருந்ததால், அது புதிய பேரினமாகவே (நெருங்கிய இனங்களை உள்ளடக்கும் பெரிய பிரிவு) கருதப்பட்டது. செய்திகளில் உணர்கொம்பின் நீளத்துக்குக் கிடைக்கும் இடம் வயிற்றின் நுனிக்குக் கிடைப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

கேள்வி: குகைச் சுவர்க்கோழி இரவில் ஒலி எழுப்புமா?
– அதே வாசகர்

பதில்: எழுப்பாது. உரசி ஒலி எழுப்ப இறக்கை இல்லை. மற்றச் சுவர்க்கோழிகளுக்கு முன்னங்காலில் இருக்கும் செவியும் இதற்கு இல்லை. ஆனால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலுக்குள் அமைந்த ஓர் உணர்வுறுப்பு தரையின் அதிர்வை நுட்பமாக உணர்கிறது. ஐரோப்பாவில் அருகருகே வாழும் ‘ட்ராக்ளோஃபிலஸ்’ பேரினத்தைச் சேர்ந்த இரண்டு குகைச் சுவர்க்கோழி இனங்களை ஆராய்ந்தபோது, ‘நெக்லெக்டஸ்’ என்னும் இனத்தின் ஆண் இணை சேரும் முன் வயிற்றை அதிரச் செய்து பெண்ணுக்குக் குறிப்புக் காட்டுவதும், ‘காவிகோலா’வில் அந்தப் பழக்கமே இல்லாததும் தெரியவந்தன. மரப்பட்டையின் மீதுதான் அவை பெரும்பாலும் இணை சேர்கின்றன. பாறையின் மீது அந்த அதிர்வு, அப்பூச்சியின் காலால் உணர முடியாத அளவுக்கு நலிந்துவிடுகிறது.